மூன்றாம் மாடியில் மலையேறிய குமுதா

கற்பூரம் அடித்துச் சத்தியம்: கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

மலேசியாவின் கிள்ளான் ஊர்த் தாதி குமுதாவுக்கு ஜெர்மனியில் மருத்துவமனை வேலை தயார். மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி. ஒரு தடவை தோற்றாயிற்று; இன்றும் தோற்றால் வேலை வேறொருத்திக்கு. அவளைக் கவிழ்த்தவை பெண்பால் பெயர்ச்சொற்கள். சொல் என்னவோ அசையாமல் நிற்கும். அதற்கு முன்னால் வரும் குட்டிச் சொல்தான் வேற்றுமைக்கு வேற்றுமை வேஷம் மாற்றும். தேர்வாளரைக் கண்டால் போதும், எந்த வேஷம் எப்போது என்பது மறந்துவிடும்.

கொமுட்டர் ரயிலில் கண்ணை மூடி, 'பெண்' என்பதற்கான ஜெர்மன் சொல்லை ஆடி ஆடி மனனம் செய்தாள். "டீ ஃப்ராவ், டேர் ஃப்ராவ், டேர் ஃப்ராவ், டீ ஃப்ராவ்..." பயத்தில் குரல் ஏறியது. கொண்டை அவிழ்ந்து முடி விரிந்தது.

எதிர் இருக்கை நல்லம்மாள் பதறி எழுந்து கும்பிட்டாள். "ஆத்தா வந்துட்டாடி!"

பெட்டியே சூழ்ந்துகொண்டது.

"தாயே, என் மகளுக்கு எப்பக் கல்யாணம்?" என்றாள் நல்லம்மாள்.

"ஆன்டி, நான் எக்ஸாமுக்குப் போறேன் லா! விடுங்க!"

"பாத்தீங்களா, ஆத்தா நம்மளச் சோதிக்கிறா."

அவள் இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் வந்தது. இறங்க விடவில்லை. குறி சொல்லாமல், மலையேறாமல் எந்தச் சாமியை அனுப்பியிருக்கிறார்கள்? கதவு மூடப்போகிற மணி அடித்தது. குமுதா சட்டென்று கண்ணை உருட்டினாள்.

"வர்ற தைக்குள்ள கல்யாணம்! இப்ப நான் மலையேறணும்டி! பிரிக்ஃபீல்ட்ஸ்ல, மூணாவது மாடில!"

அவ்வளவுதான். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேர்வுக் கூடத்தின் கீழே காவலாளி பக்கிரிசாமி இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"லேட்டு லா, மூடியாச்சு."

"யோவ், ஆத்தாவையே மறிக்கிறியா?"

பக்கிரிசாமி கதவைத் திறந்துவிட்டு, சப்பாத்தையும் கழற்றிவிட்டார்.

மாடியில் ஜெர்மன்கார அம்மாள் நோயாளிகளைப் பற்றிக் கேட்டாள். எந்த வேஷம் எப்போது என்பது குமுதாவுக்கு மறுபடியும் மறந்துபோனது. பேனாவைத் தட்டியபடி அந்த அம்மாள் காத்திருந்தாள். கீழேயிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. குமுதாவின் உடம்பு தானாக ஆடத் தொடங்கியது, கண் மூடியது. ரயிலில் வந்த அதே தாளத்தில் ஒவ்வொரு பெண்பால் சொல்லும் தன் வேஷத்தோடு வந்து விழுந்தது. தேர்வாளர் எழுந்து நின்று மதிப்பெண் போட்டாள்.

நல்லம்மாள் மகளுக்குத் தையில் கல்யாணம். குமுதா ஜெர்மனியிலிருந்து மொய் அனுப்பினாள்.

கற்பூரம் அணைந்துவிட்டது, இனி உண்மையைச் சொல்லலாம்: குமுதா படித்தது ஜப்பானிய மொழி.