மெதுவாக எழுபவன்

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கெல்வின் டுப்ரீ விழுந்தால் சட்டென்று எழ மாட்டான். முதலில் புரள்வான். அப்புறம் முட்டி போடுவான். அப்புறம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சர்ச்சில் மண்டியிட்ட கிழவர் எழுவதுபோல எழுந்து, காலை இழுத்து இழுத்துத் தன் ஆட்களிடம் வந்து சேருவான். இவன் கதை முடிந்தது என்று எதிரணி நினைக்கும். மறுபடி பந்து கைக்கு வந்ததும் அவர்களைத் தாண்டிப் பறந்துவிடுவான். எப்போதும் ஒரே மாதிரி எழுந்தால் எப்போது நிஜமாக அடிபட்டது என்று எவனுக்கும் தெரியாதல்லவா? அதற்குத்தான் இத்தனை நடிப்பும். யாராவது தூக்கிவிடக் கை நீட்டினாலும் பிடிக்க மாட்டான்.

இதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து ஓட்டிஸ் பெட்வேக்கு அலுத்துப்போயிருந்தது. கெல்வினுக்கு முன்னால் ஓடி, வழியில் நிற்கிறவன்மேல் தோளைக் கொடுத்து மோதுவது ஓட்டிஸின் வேலை. அவன் திறந்துவிடும் சந்தில் கெல்வின் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவான். கூட்டம் கெல்வின் பெயரைச் சொல்லிக் கத்தும். ஓட்டிஸ் யாருடைய முழங்காலுக்கு அடியிலாவது கிடப்பான். அதைப் பற்றி அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் வலது கையைத் தூக்கிப் பல் துலக்க முடியாதபோது, யாருக்காக இந்தப் பாடு என்று தோன்றும். முப்பத்து மூன்று வயது. அந்த வேலைக்கு அது கிழட்டு வயது.

அந்த வருடம் கெல்வினுக்குப் பேய் பிடித்ததுபோல ஓட்டம். அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அவன் ஓடிக்கொண்டே இருந்தான். ஈரி ஏரியிலிருந்து பனிக்காற்று வீசும் அந்த ஊரில், குளிர்காலத்தில் ஜனங்களுக்குப் பேச வேறொன்றும் இல்லை. முடிதிருத்தும் கடையிலிருந்து சர்ச் வாசல்வரை அவன் பேச்சுதான். ஒரே பருவத்தில் இரண்டாயிரம் கெஜம் ஓடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். கடைசி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், கெல்வினுக்கு இன்னும் பதினோரு கெஜம் பாக்கி. ஜெயித்தாலும் தோற்றாலும் அணிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் பதினோரு கெஜத்துக்காகத்தான் அறுபதாயிரம் பேர் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரியவரே, பேரப்புள்ளைங்க தேடும். வீட்டுக்குப் போங்க" என்றான் எதிரே நின்ற எதிரணித் தடியன்.

"உன்னத் தூங்க வெச்சுட்டுப் போறேன்" என்றான் ஓட்டிஸ்.

பந்து வந்தது. ஓட்டிஸ் தடியன்மேல் மோதினான். சந்து திறந்தது. கெல்வின் குனிந்து நுழைந்தான். பக்கவாட்டிலிருந்து ஒருவன் தலைக்கவசத்தோடு வந்து அவன் கழுத்தோரம் இடித்தான். ஏழு கெஜம். கூட்டம் எழுந்து நின்றது.

கெல்வின் துள்ளி எழுந்தான்.

புரளவில்லை, முட்டி போடவில்லை. ரப்பர் பந்துபோல எழுந்து, விறுவிறுவென்று நடந்து வந்தான். கூட்டத்துக்கு அது உற்சாகமாகப் பட்டது. ஓட்டிஸுக்கு அப்படிப் படவில்லை. அவன் இப்படி எழுந்ததை ஓட்டிஸ் இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். அன்றைக்கு விலா எலும்பு உடைந்திருந்தது. பயந்துபோனால்தான் கெல்வினுக்கு நடிப்பு மறந்துபோகும்.

"கை எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இடது கை."

கெல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இடது கை தொடையோரம் ஈரத் துணிபோலத் தொங்கியது. "நாலு கெஜம்ணே. நாலே நாலு. வாயத் தொறக்காதீங்க."

பத்து வருடமாக ஓட்டிஸ் மைதானத்தில் தானாகப் படுத்ததே இல்லை. அடுத்து எல்லாரும் வரிசையில் நிற்கப் போனபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்தான். நடுவர் விசில் ஊதினார். மருத்துவர் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்து முழங்காலைத் தொட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். அவன் இடது கையால உங்க விரல அழுத்தச் சொல்லுங்க."

மருத்துவர் இரண்டு விரலை நீட்டினார். கெல்வின் முயன்றான். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். விரல்கள் மடங்கவே இல்லை. இன்றைக்கு ஆட்டம் போதும் என்று மருத்துவர் அவன் தலைக்கவசத்தை வாங்கி உதவியாளரிடம் கொடுத்துவிட்டார்.

வெளியே நடந்தபோது கெல்வின் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு நல்லாச் செஞ்சீங்க."

அது ஓட்டிஸை, அவன்மேல் மோதிய எவனையும்விடப் பலமாக அடித்தது. கெல்வினுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது, இனி ஆட்டம் கிடையாது என்றார்கள். வழி திறந்துவிட்டவர்களுக்கு ஓட்டக்காரன் பருவ முடிவில் பரிசு தருவது வழக்கம். எல்லாருக்கும் கைக்கடிகாரம் போனது, ஓட்டிஸுக்குப் போகவில்லை. மார்ச்சில் அணி அவனையும் கழற்றிவிட்டது. கடிகாரம் யாருக்கு வேண்டும், ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

ஜூலையில் ஒரு மத்தியானம் கெல்வின் தானாக வந்தான். பின்கட்டில் புல்தரையைத் தொடும் தாழ்வான நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்து, சுட்ட விலாக்கறியைத் தின்றார்கள். மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். கழுத்தைப் பற்றி ஓட்டிஸ் கேட்கவில்லை. கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பான், அந்தப் பதிலை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை. எப்படி எழுகிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான்.

வெயில் சாய்ந்ததும் கெல்வின் கிளம்பினான். நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்தான். முட்டி போட்டான். தலையைத் தொங்கப்போட்டான். ஓட்டிஸுக்கு மூச்சு வந்தது.

"இன்னும் இந்த நாடகத்த விடலையாடா?"

"நாடகம் இல்லண்ணே." கெல்வின் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "இப்ப நெஜமாவே இப்படித்தான் எந்திரிக்கிறேன். கையக் குடுங்க."

ஓட்டிஸும் ஒரே மூச்சில் எழவில்லை. முழங்கால் சொடுக்கியது, தோள் இழுத்தது. ஒருவழியாக நின்று கையை நீட்டினான். கெல்வின் அண்ணாந்து பார்த்து, வலது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இடது கையைக் கொடுத்தான். கொடுத்து, அழுத்தினான். ஓட்டிஸின் விரல்கள் நொறுங்கிவிடும்போல வலித்தன. ஓட்டிஸ் விடவில்லை.