பக்கத்துக் கட்டடத்துப் படிக்கட்டு

"அங்குலம் அங்குலமா அளந்தீங்களே! ஜன்னலை அளந்தீங்க, சுவரை அளந்தீங்க, கக்கூஸைக்கூட விடல. படிக்கட்டு யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கத்தாதடி. மேல பல் டாக்டர் காதுல விழும்."

"நல்லா விழட்டும்! திங்கக்கிழமை பக்கத்துக் கடைக்காரர் வாசலை அடைச்சு சுவர் வச்சுட்டா, அவரு நோயாளிங்களைக் கயிறு கட்டியா தூக்குவாரு?"

தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார். மனைவி சொன்னதில் எள்ளளவும் பொய்யில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம். அவருக்கு மட்டும் பத்திரம் பதிந்த பிறகுதான் தெரிந்தது.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கை ஓய்ந்தாலும் வாடகை சோறு போடும் என்று சொல்லி, மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த வீட்டை விற்கவைத்து, இந்தச் சின்ன அலுவலகக் கட்டடத்தை வாங்கினார். கீழே இவர் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்கு மேல் ஆடிட்டர். நாடாவும் கையுமாக நாலு நாள் அளந்தார். எந்த மாப்பிள்ளையின் கோட்டுக்கும் அவ்வளவு அளந்ததில்லை. ஏறி இறங்கிய படிக்கட்டு மட்டும் பக்கத்து மரச்சாமான் கடைக் கட்டடத்துக்குள் இருந்தது. இரண்டையும் கட்டியவர்கள் அண்ணன் தம்பி; ஒரு படி போதுமென்று நடுச்சுவரில் மாடிக்கு மாடி வாசல் வைத்துக்கொண்டார்கள். தம்பி மகன் தன் கட்டடத்தை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனதும் உறவு முடிந்தது; திங்கட்கிழமையோடு வாசலும் முடிந்தது என்று அண்ணன் மகனான மரச்சாமான் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அவளே மரச்சாமான் கடைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, ஒரு வருஷம் பொறுத்துக்கங்க. உங்க கால்ல விழறேன்."

"வேணாம்மா, உங்களுக்கு மூட்டுவலி. நான் என் சித்தப்பா மகனுக்குத்தான் வழி விட்டேன், ஊருக்கு இல்ல. பேசாம பாதி விலைக்கு எனக்கே குடுத்துடுங்க."

விடுவிடுவென்று திரும்பி வந்தவள் தங்கள் தையல் கடையின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். புதுப்படி வைக்க வேறு இடமே இல்லை.

"கடையை உடைங்க."

"அப்புறம் நான் எங்க உக்காந்து தைக்கிறது?"

"என் வீட்டை வித்தப்ப, நான் எங்க உக்காருறதுன்னு கேட்டேனா?"

அன்று சாயங்காலமே இரும்புப் படி போட வெல்டர் வந்தான். "மூணே நாள்மா" என்றான். பன்னிரண்டு நாள் ஆனது; தினமும் அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது தையல்காரரின் மகள். திங்கட்கிழமை சொன்னபடி சுவர் எழுந்துவிட்டதால், அத்தனை நாளும் பல் டாக்டர் தெருவில் நின்று மேலே பூட்டிக் கிடந்த தன் நாற்காலியை நினைத்துப் பல்லைக் கடித்தார். படி முடிந்தபோது அது ஏணிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. கன்னம் வீங்கி வந்தவர்கள் அதைப் பார்த்ததும் வலி தேவலை என்று திரும்பிப் போனார்கள்.

அந்த மாதமே டாக்டர் காலி செய்தார். அடுத்து ஆடிட்டர். வாடகைக்கு என்ற பலகை எட்டு மாதம் வெயிலில் வெளுத்தது. கேட்டு வந்தவர்கள் படியின் பாதியிலேயே இறங்கினார்கள். கடைசியில் மரச்சாமான் கடைக்காரரே கட்டடத்தை வாங்கிக்கொண்டார். பாதி விலை என்ற பேச்சை அதற்குள் அவர் மறந்திருந்தார். கால் விலைதான் கொடுத்தார்.

தையல்காரர் இப்போது ஒரு துணிக்கடையில் புடவை மடித்து அடுக்குகிறார். மகள் வெல்டரைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாள் வேலை ஏன் இழுத்தது என்று தெருவில் அப்போதே சிலர் கண்ணடித்தார்கள். கல்யாணமானதும் அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அம்மாவைக் கூடவே அழைத்துப் போனார்கள். அப்பாவை இன்னும் கூப்பிடவில்லை.