பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி

சித்தப்பா அந்தக் கல்லைத் துணியோடு சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கைக்கு அடியில் செருகப் பார்த்தார். விறைத்த விரல்கள் விலகிக் கொடுக்கவில்லை.

"அண்ணன் உயிரே இதுலதான இருந்துச்சு. கூடவே போகட்டும்," என்றார்.

மகளுக்கு எரிச்சல் மூண்டது. ஈய நிறத்தில் மினுங்கும் ஒரு கைப்பிடி அளவுக் கல். அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் இந்த ஒரு துண்டுதான் கிடைத்தது. புதுக் கனிமம் என்று அறிவித்து, அம்மாவின் பெயரையே அதற்கு வைத்தார். கனிமங்களின் பட்டியலில் பெயர் ஏறியது; கூடவே ஒரு கேள்விக்குறியும் ஏறியது. தனிக் கனிமம்தானா, இரண்டு மூன்று சேர்ந்த கலவையா, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அப்பா வெட்ட விடவில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மாவைக்கூடத் தொட விட்டதில்லை. சந்தேகத்தோடாவது பெயர் இருக்கிறதே என்று இருந்துவிட்டார். சரியான பயந்தாங்கொள்ளி என்று மகள் எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறாள். இப்போதும் திட்டினாள், அழுதுகொண்டே.

பேராசிரியர் உள்ளே வந்தார். அந்தக் குறியைப் போட்டவர் அவர்தான். வீட்டில் அவருக்குப் பெயரே அதுதான்.

"கேள்விக்குறி வந்திருக்காரு," என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

பேராசிரியர் அம்மாவின் அருகில் உட்கார்ந்தார். "பட்டியலைத் திருத்தப் போறோம்மா. நிரூபிக்காத பேரையெல்லாம் எடுக்கச் சொல்றாங்க. நீங்க கவலைப்படாதீங்க. சார் மேல உள்ள மரியாதைக்கு, இத மட்டும் அப்படியே விட்டுடச் சொல்றேன்."

"கேள்விக்குறியோடயா?" என்று கேட்டாள் அம்மா.

அவர் தலையசைத்தார்.

காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையாத அம்மா எழுந்தாள். சித்தப்பாவிடமிருந்து கல்லை வாங்கித் துணியை உதறிப் போட்டாள்.

"கொண்டுபோய் வெட்டிப் பாருங்க."

"அண்ணி, அண்ணன் கடைசி வரைக்கும் வேணாம்னு..."

"கடைசி வரைக்கும் சொன்னாரு, கேட்டேன். கடைசிதான் முடிஞ்சிருச்சே."

பேராசிரியர் தயங்கினார். "கலவைன்னு வந்துட்டா பேரையே அடிச்சிருவாங்கம்மா. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அடிக்கட்டும். முப்பது வருஷமா என் பேருக்குப் பின்னால நின்னு, இருக்காளா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கீங்க. பாவம் பார்த்து வைக்கிற பேரு எனக்கு வேணாம். இருந்தா இருக்கேன், இல்லன்னா இல்ல."

மகளுக்கு அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "எந்த முடிவா இருந்தாலும் நேரா வந்து அம்மாகிட்ட சொல்லணும் சார்," என்றாள்.

அவர் கைக்குட்டையை விரித்துக் கல்லை வாங்கிக்கொண்டார். அப்படியே வெளியே போனார்.

அம்மா அப்பாவின் மார்பில் கையை வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

கையை எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. தொட்டால் கையில் கறுப்பு ஒட்டிக்கொள்ளும் கல் அது. மகள் ஓடிப்போய் ஈரத்துணி எடுத்து வந்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.

சித்தப்பா சவப்பெட்டியை மூடுவதற்கு மூடியைத் தூக்கினார்.