முத்து விழாத கலயம்

"இடது கலயம்" என்றான் ஜனகராஜ், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே.

காசிமாயன் இன்னொரு புளியமுத்தை எடுத்துப் போட்டான்.

"இப்ப வலது."

அதுவும் சரி. அடுத்ததும் சரி. மதியத்திலிருந்து ஹாஸ்டல் அறைக்குள் இதே வேலையாக இருந்தார்கள். மேசைமேல் இரண்டு மண்கலயங்கள். ஒரே குயவரிடம் ஒரே நாளில் வாங்கியவைதான். ஆனாலும் ஒன்றின் வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது, இன்னொன்று சூளையில் கூடுதலாக வெந்திருந்தது. பெருத்த வயிறு முத்தை வாங்கி 'தொம்' என்றது. நன்றாக வெந்தது 'டங்' என்றது. காது உள்ள எவனும் கண்டுபிடித்துவிடுவான். காசிமாயன் இரண்டுக்குள்ளும் மணல் பரப்பினான். மணல்மேல் விழும் முத்துக்குச் சத்தமே இல்லை. அவனுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

கட்டிலில் தாயக்கட்டம் வரைந்து தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்த சுருளி ஓரக்கண்ணால் பார்த்துச் சொன்னான். "வலதுலதான போட்ட?"

"எப்படிடா தெரியும்?"

"ஒன் தோளு சாயுதுல்ல, அது சொல்லுது. சத்தத்தக் கொன்னுபுட்ட மாப்ள, தோள என்ன செய்யப்போற?"

காசிமாயன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தேர்தல் சனிக்கிழமை.

அந்தக் கல்லூரியில் மாணவர் சங்கச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க இதுவரை ஒரே வழிதான் இருந்தது. மண்டபத்தில் ஒருவனுக்கு ஆதரவானவர்கள் இடப்பக்கம் போய் நிற்க வேண்டும், மற்றவனுக்கு ஆதரவானவர்கள் வலப்பக்கம். நின்ற தலைகளை எண்ணுவார்கள். எண்ணும்போது ஹாஸ்டல் வார்டன் பெயர்களையும் மனத்தில் குறித்துக்கொள்வார். போன வருடம் தப்பான பக்கத்தில் நின்றவர்களில் சிலருக்குப் படிப்புச் சம்பளச் சலுகை நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இந்த வருடம் புதிதாக வந்திருந்த பிரின்சிபால், பெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்மதித்தார். வார்டன் விடவில்லை. சீட்டில் எழுதிப் போடுவதானால் கையெழுத்து வேண்டும் என்றார். மறைப்புக்குப் பின்னால் போடுவதானால் ஒருவனே பத்துப் போடுவான் என்றார். கடைசியில் முடிவானது இதுதான்: எழுத்து வேண்டாம், புளியமுத்து போதும், ஆனால் நிற்கிறவனுக்கு ஒன்றாக இரண்டு கலயங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய மேசைமேல் இருக்கும், பக்கத்தில் வார்டன் உட்கார்ந்து பார்ப்பார். பார்க்கிறவர் முன்னாலேயே பார்க்க முடியாதபடி எப்படிப் போடுவது?

"மேல துணியப் போத்துனா?" என்றான் ஜனகராஜ்.

"போத்தலாம். கை எந்தக் கலயத்துக்குப் போகுதுன்னு தெரியுமே."

ஜனகராஜ், மகால் பக்கத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். செயலாளர் பதவிக்கு நிற்கிறவன் அவன்தான். மெஸ்ஸில் சலுகையில் படிக்கிறவர்களுக்கு மட்டும் தனிப் பந்தி, அதுவும் மற்றவர்கள் எழுந்தபிறகு என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும் என்பது அவன் பேச்சு. எதிரே நிற்கும் கனகசபாபதி வார்டனின் ஆள். ஜனகராஜ் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவன். வார்டனின் கை அவனை எட்டாது. அதனால்தான் அவனால் நிற்க முடிந்தது. அதனால்தான் அவனுக்கு மற்றவர்களின் பயம் சரியாகப் புரியவுமில்லை.

சாயங்காலம் ஜனகராஜும் காசிமாயனும் அறை அறையாக ஓட்டுக் கேட்டுப் போனார்கள். சில கதவுகள் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டும் திறக்கவில்லை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த சின்னச்சாமி மட்டும் நின்று பேசினான்.

"அண்ணே, நீங்க சொல்றது அம்புட்டும் நெசம். நாந்தான் அந்தப் பந்தியில ஆறிப்போன சோத்தத் திங்கிறேன். ஆனா எங்கய்யா நாலு மாட்ட வித்து என்னய இங்க விட்டிருக்காரு. ஒங்களுக்குப் போட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சா?" வார்டன் வீட்டுப் பக்கம் தாடையைக் காட்டினான்.

"தெரியாதுப்பா. ரகசிய ஓட்டு" என்றான் ஜனகராஜ்.

"எப்படிண்ணே தெரியாது?"

ஜனகராஜ் காசிமாயனைப் பார்த்தான். காசிமாயன் கிணற்றைப் பார்த்தான். சின்னச்சாமி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "அதச் சொல்லுங்க, மொத ஆளா வாரேன்" என்று போய்விட்டான்.

"பயந்தாங்கொள்ளிப் பயலுக" என்றான் ஜனகராஜ்.

"ஒனக்கென்ன, நீ பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிருவ" என்றான் காசிமாயன். சொன்ன வேகம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செக்கானூரணிக்கு மேற்கே அவன் ஊர். வெள்ளைக்காரனின் ரேகைச் சட்டம் அந்த ஊரைப் பிடித்திருந்தது. ஆண்பிள்ளைகள் கைரேகை வைக்க வேண்டும். களவு செய்தாலும் செய்யாவிட்டாலும் இருட்டியதும் போலீஸ் கச்சேரிக் கொட்டகையில் போய்ப் படுக்க வேண்டும். அவன் அப்பா விருமாண்டியும் அங்கேதான் படுத்தார், அவன் பிறந்த ராத்திரி உட்பட. காசிமாயன் கல்லூரியில் சேர்ந்தபிறகு, மகன் ஒழுங்காகப் படிக்கிறான் என்று வார்டன் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பார்த்துத்தான் அவரை வீட்டில் படுக்க விட்டார்கள். போன லீவில் ஊருக்குப் போனபோது அம்மா தங்கப்பொண்ணு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் ஒரு பாய் கூடுதலாக விரித்திருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வார்டன் கூப்பிட்டனுப்பினார். மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று கையில் முத்தோடு அறையிலிருந்த காசிமாயன் அப்படியே போனான். வார்டன் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"ஜனகராஜோட ரொம்பச் சுத்துறியாமே?"

"ஒரே வகுப்பு சார்."

"அப்பா சௌக்கியமா? வீட்டுலதான் படுக்கிறாரா?"

காசிமாயன் தலையாட்டினான்.

"படுக்கட்டும். நல்ல விஷயம். நாளைக்கு நான் கலயத்துக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன்." பிறகு நிமிர்ந்தார். "ரெண்டு கையையும் ஏன் மூடியிருக்க? என்ன வச்சிருக்க?"

"புளியமுத்து சார். தாயம் ஆட."

"திற."

எந்தக் கை என்று அவர் சொல்லவில்லை. பயத்தில் இடது கையை நீட்டித் திறந்தான். அதில் ஒன்றுமில்லை. வார்டன் சிரித்தார்.

"அப்ப வலது கையில இருக்கு. மேசைமேல வச்சிட்டுப் போ."

அவர் வலது கையைப் பார்க்கவே இல்லை. மறுபடி குனிந்து திருத்தத் தொடங்கிவிட்டார். முத்தை வைத்துவிட்டுக் காசிமாயன் வெளியே வந்தான். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனத்தில் அப்பாவின் பாய்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே வேறொன்று புழுவைப் போல நெளிந்தது. பார்க்காமலே அவருக்கு எப்படித் தெரிந்தது? முத்து இருந்த கை சொல்லவில்லை. முத்து இல்லாத கை சொல்லிவிட்டது. இவ்வளவு நேரம் நாம் முத்து விழுகிற கலயத்தை ஒளிக்கப் பார்த்தோம். காட்டிக்கொடுப்பது அதுவல்ல, முத்து விழாத கலயம்.

அறைக்கு ஓடினான். சுருளி தாயமுத்துகளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கல்லில் உரசித் தேய்த்து வெள்ளையாக்கிய முத்துகள். காசிமாயன் ஒன்றைப் பிடுங்கிக் கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவினான். தேய்த்த பக்கம் சொரசொரத்தது. தேய்க்காத ஒன்றை எடுத்துத் தடவினான். இரண்டு பக்கமும் வழவழத்தது.

"சுருளி, மெஸ்ஸு சமையல்காரர்கிட்டப் போய் ஒரு கூடை முத்து வாங்கிட்டு வா. பாதிய ஒரு பக்கமாத் தேய்க்கணும்."

"எதுக்குடா? ஹாஸ்டலே தாயம் ஆடப்போகுதா?"

"ஆமா."

சனிக்கிழமை காலையில் ஜனகராஜும் கனகசபாபதியும் கூட நிற்க, பிரின்சிபால் கலயங்களைக் கவிழ்த்துப் பார்த்தார், முத்துகளைத் தடவிப் பார்த்தார். காசிமாயன் சொன்னதை இரண்டு முறை கேட்டார். பிறகு மண்டபத்தில் அவரே அதை உரக்கச் சொல்லிவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கேட்டதை யாரும் நம்பவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வார்டன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சின்னச்சாமி குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கில் எங்காவது ஓட்டை இருந்தால் முதலில் போகிறவன்தான் அதில் விழுவான். இன்று ராத்திரியே கச்சேரியிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். காசிமாயன் எழுந்தான்.

வாசலுக்கு வெளியே போய், அங்கே வைத்திருந்த இரண்டு கூடைகளிலிருந்தும் ஒவ்வொரு முத்து எடுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் கைகளை மூடினான். உள்ளே வந்து வார்டனுக்கு முன்னால் நின்றான். துணி போர்த்திய கலயங்களுக்குள் இரண்டு முஷ்டிகளையும் மணிக்கட்டு வரை விட்டான். தோள் சாயவில்லை. இரண்டு தோளும் ஒன்றுபோலவே நடுங்கின.

வார்டன் அவன் இடது தோளைப் பார்த்தார், வலது தோளைப் பார்த்தார். முன்னால் சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"எதுலடா போட்ட?"

"ரெண்டுலயும் சார்."

வார்டன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் காசிமாயனுக்குத் தைரியமில்லை. யாரோ வாசலுக்கு வெளியே போனார்கள், பிறகு இன்னொருவர். கூடைகளுக்குள் கைகள் போகும் சலசலப்பு கேட்டது. ஆளுக்கு இரண்டு முத்து, ஒன்று தேய்த்தது, ஒன்று தேய்க்காதது. எது எந்தக் கையில் என்பது அவரவர் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இரண்டு கலயங்களுக்குள் போகும், கலயத்துக்கு ஒரு முத்து விழும். ஒவ்வொரு கலயத்திலும், வந்த ஆட்களின் எண்ணிக்கைக்குச் சரியாக முத்து இருந்தால் யாரும் கூடுதலாகப் போடவில்லை. எண்ணும்போது தேய்த்த முத்து மட்டுமே ஓட்டு.