நாடகத்தில் இல்லாத வசனம்

எனக்கு அந்தப் பள்ளியில் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. ஆனாலும் ‘கேலி வேண்டாம்’ நாடகத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். எதிர்வீட்டுப் பேக்கரிக்காரியின் மகள் நடிக்கிறாள். போகாமல் எப்படி இருப்பது?

ஆறாம் வகுப்புப் படிக்கிற அவளுக்குக் காது மந்தம். காதில் மெஷின் உண்டு. கொஞ்ச நாளாகப் பள்ளி பஸ்ஸைக் கண்டதும் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறாள். ஏன் என்று கேட்டால் பையை இறுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். மெஷினில்தான் கோளாறு என்று தாய்க்காரி அதை விற்ற கடைக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “மெஷின் மேல பழி போடாதீங்கக்கா” என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டதாகக் கேள்வி.

மேடையில் கேலிக்கு ஆளாகிறவள் இவள். கேலி செய்கிறவன், போன வாரம் சேர்ந்த புதுப்பையன். மையில் மீசை வேறு. மீசை இருந்து என்ன, வசனம் மறந்து திருதிருவென்று முழித்தான்.

“ஏதாவது சொல்லுடா!” என்று திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் கிசுகிசுத்தார்.

தரையில் உட்கார்ந்திருந்த வகுப்பே எடுத்துக் கொடுத்தது. ஒரே குரலில்:

“ரேடியோ ரேடியோ, கேக்குதா? காதப் புடிச்சுத் திருகவா?”

பிறகு இரண்டு கைதட்டல். தாளம் பிசகவில்லை. ஒத்திகை பார்த்த நாடகமே அவ்வளவு சுத்தமாக வரவில்லை.

புதுப்பையன் திரும்பி, “மிஸ், இது நம்ம பேப்பர்ல இல்லையே?” என்றான்.

பெற்றோர்கள் இதுவும் நாடகம்தான் என்று கைதட்டினார்கள். தலைமையாசிரியை “அருமை, அருமை” என்று வேறு சொல்லித் தொலைத்தார். பேக்கரிக்காரி மட்டும் பேயறைந்தவள்போல மகளின் காதையே பார்த்தாள். கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது.

விறுவிறுவென்று மேடையேறினாள். யாரை அறையப் போகிறாளோ என்று நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“கூட்டமா வேணாம், கண்ணுங்களா. ஒவ்வொருத்தரா எழுந்து, இவ முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

ஒரு வாண்டும் அசையவில்லை. கடைசியில் ஒருத்தி எழுந்தாள். எங்கள் மேல்மாடி வங்கிக்காரரின் மகள். பஸ்ஸில் தினமும் பேக்கரிக்காரி மகளுக்குப் பக்கத்துச் சீட்.

“அடிப்பாவி!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அவளத் திட்டாதீங்க ஆன்ட்டி,” என்றாள் மேடையில் இருந்தவள். “அவ கை மட்டுந்தான் தட்டுவா. வாயத் தொறக்க மாட்டா. நான் தெனமும் பாக்கறேனே.”

அதைக்கூட இவள் நன்றியோடு சொன்னாள் பாருங்கள்! எழுந்தவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு விம்மினாள். “தட்டலன்னா எனக்கும் பேரு வெப்பாங்க ஆன்ட்டி.”

பேக்கரிக்காரி திரைப் பக்கம் திரும்பினாள். “பஸ்ல பெரியவங்க யாரும் போறதில்லையா?”

டீச்சர் மெல்ல வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “நான்தான் போறேன். முன்சீட்ல. ஏதோ பாட்டுன்னு நெனச்சேன்…”

“நாளைக்குப் பின்சீட்டுக்கு வந்து, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காருங்க, டீச்சர். பாட்டு நல்லாக் கேக்கும்.”