மிதவைக்கு அடியில் குடியிருந்தவர்கள்

கடல் நீரோட்டம் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்காது. ஆனால் நான் கடலில் விட்ட மிதவை நின்றது. அது இருக்கும் இடத்தைக் காட்டும் கணினித் திரையில் அன்று காலை பார்த்தால், அது ஒரு நாற்சந்தியில் சற்று நேரம் நின்றது. பிறகு இடப்பக்கம் திரும்பி, ஒரு குறுகலான தெருவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா, உங்க மிதவை வாடகைக்கு வீடு பிடிச்சிடுச்சு போல," என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். கரையிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் கடலுக்கு அடியில் ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சிகூட வெளியே தெரியாது. மலையைச் சுற்றிப் பட்டைமீன்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன, கேமரா இறக்கிப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவற்றின் குஞ்சுகளை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. முட்டை பொரிந்ததுமே குஞ்சுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது தலைவரின் கட்சி. உச்சிக்கு மேலே தண்ணீர் வட்டமடிக்கிறது, குஞ்சுகளும் அதோடு சுற்றிக்கொண்டு அங்கேயே வளர்கின்றன என்பது என் கட்சி. அதைக் காட்டத்தான் மிதவையை விட்டேன். அதுவும் என் மானத்தைக் காப்பாற்றி, செக்குமாடு மாதிரி மலையைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது, யாரோ தூக்கிக்கொண்டு போகும்வரை.

"தண்ணி சுத்துது, ஒத்துக்கறேன். குஞ்சு எங்கம்மா?" என்றார் தலைவர். "ரெண்டு வருஷமா வலை போடறீங்க. திங்கட்கிழமைக்குள்ள ஒரே ஒரு குஞ்சைக் காட்டுங்க. இல்லைன்னா கப்பலை வேற ஆராய்ச்சிக்குக் கொடுத்துடுவேன். இப்போ போய் அந்த மிதவையையாவது கூட்டிட்டு வாங்க."

என் தம்பி ரொட்டி வேன் ஓட்டுகிறான். "அக்கா, வண்டியில மீன் வாடை மட்டும் வரக்கூடாது, சொல்லிட்டேன்," என்ற நிபந்தனையோடு ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் நான் தலைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா" போட்டான்.

மிதவை போய்ச் சேர்ந்திருந்த இடம், அந்தத் தெருவில் தூண்டில்காரர்களுக்கு உயிர் இரை விற்கும் ஒரு கடை. உள்ளே காற்றுக்குழாய் குமிழி விடும் கண்ணாடித் தொட்டிகள், ஈர மரத்தூளில் நெளியும் புழுக்கள். வாசலில், என் மிதவையின்மேல், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் கடைக்காரம்மா.

"அது என்னோடது," என்றேன்.

"எது, இந்த ஸ்டூலா?"

உள்ளேயிருந்து அவர் கணவர், படகுக்காரர், கையைத் துடைத்தபடி ஓடிவந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, யாராவது தேடி வருவாங்கன்னு!"

"எப்ப சொன்னீங்க? வெடிகுண்டா இருக்கும், தொடாதேன்னுதானே சொன்னீங்க?"

"அதைக் கேட்டுட்டுத்தானே நீ அதுமேல ஏறி உட்கார்ந்தே!"

"சரி, அதை எதுக்குங்க எடுத்தீங்க?" என்று குறுக்கே புகுந்தேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"அதுக்கு அடியில பொடிமீனா மொய்ச்சிக்கிட்டு இருந்துச்சும்மா. நல்ல இரையாச்சேன்னு கைவலையில அள்ளினேன். அந்த உருண்டையும் தனியா மிதந்துச்சா, பாவம்னு தூக்கிப் போட்டுக்கிட்டேன்."

"பொடிமீனா? எங்கே?"

"வித்துடுச்சே. கடைசி மூணை இப்பத்தான் அதோ அவரு வாங்கிட்டுப் போறாரு."

தெருமுனையில் தொப்பி போட்ட ஒருவர் கையில் பாலிதீன் பையை ஆட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நான் ஓடினேன். அப்படி நான் ஓடி என் தம்பியே பார்த்ததில்லை. மூச்சிரைக்கப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மூன்று மீன்கள். மலையடியில் கேமராவில் பார்த்த பெரிய மீன்களைப் போலவே, ஒவ்வொன்றின் உடம்பிலும் சாய்ந்த மூன்று பட்டைகள்.

"ஐயா, இதைக் கொடுத்துடுங்க."

"நல்லா இருக்கே! இன்னைக்கு ஒரு நாள்தான் எனக்கு லீவு."

"இதுங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"மீனு," என்றார் அவர் பயந்துபோய்.

நடுத்தெருவில் நின்றபடியே மலையின் கதையைச் சொன்னேன். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த படகுக்காரர் வாயைப் பிளந்தார். "அங்க அடியில மலையா? இத்தனை நாளா நான் மலைமேலயா போயிட்டு வந்தேன்?" மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுக்க. இனிமே என்கிட்ட மரியாதையா பேசணும்."

"மலையேறினது போதும், இறங்கி வந்து தொட்டியைக் கழுவுங்க," என்றார் அந்த அம்மாள்.

தொப்பிக்காரர் பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "குழந்தைங்கன்னு சொல்லிட்டீங்க. இனி எந்த மனசோட முள்ளுல கோக்கறது? எனக்குப் புழுவே போதும்." பையை நீட்டினார். "புழுவைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க தாயே."

கடையில் ஒரு வாளிக் கடல்நீருக்கு மீன்களை மாற்றினோம். "மலைக்கு மேல வேற எங்கேயும் இதுங்களைப் பார்த்தீங்களா?" என்று படகுக்காரரிடம் கேட்டேன்.

"வெறும் தண்ணியில நிக்காதும்மா. பலகை, பாசி, சொறிமீன்னு ஏதாவது மிதக்கணும். பொடிசுங்க அதுக்கு அடியிலதான் ஒதுங்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறை வலை இறக்கும் முன்பும், வலை கிழியக்கூடாதென்று, மிதக்கும் எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்து எடுத்துவிடுவோம். ஒரு குச்சிகூட மிஞ்சக்கூடாது என்று கப்பலின் மேல்தளத்தில் நின்று கத்துவதே நான்தான். வீட்டையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு ஆள் கணக்கெடுத்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. அந்த அம்மாள் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வேனில் வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். குஞ்சுகள் மூன்றும் நிலைகொள்ளாமல் சுவரில் முட்டி மோதின. என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். ஒன்று வந்தது. பின்னாலேயே மற்ற இரண்டும் வந்தன. கைக்கு அடியில் மூன்றும் ஒட்டி நின்றுகொண்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, அழாதே. வாளியில ஏற்கெனவே உப்பு போதும்," என்றான் தம்பி.

அப்போது தலைவரின் அழைப்பு வந்தது. தம்பி ஒரு கையால் ஸ்பீக்கரில் போட்டான்.

"மிதவை கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். குஞ்சும் கிடைச்சுது."

"எந்த நிலைமையில? கருவாடாவா?"

"உயிரோட சார். மூணு. என் கை நிழல்ல நிக்குதுங்க. பட்டை தெளிவா தெரியுது."

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தமும், யாரையோ கூப்பிட்டுத் தொட்டியைத் தயார் பண்ணச் சொல்லும் சத்தமும் கேட்டன. தலைவர் தடதடவென்று படி இறங்குவதும் கேட்டது.

"சார், திங்கட்கிழமை... கப்பல்..."

"கப்பல் உங்களுக்குத்தாம்மா! நான் வாசல்லயே நிக்கறேன்," என்றார், மூச்சு வாங்க. "நீங்க தயவுசெஞ்சு அந்தக் கையை மட்டும் எடுத்துடாதீங்க."