நான்காம் காலுக்கு அடியில் என் முகம்

காலை பதினொன்றே காலுக்குப் பட்டறை முதலாளியம்மா சயோகோ-சான் போன் செய்தார். ஹலோகூட இல்லை.

"காசு விழுந்துடுச்சு நாகுரா-சான்! ரெண்டு தடவை நிறுத்தினேன், ரெண்டு தடவையும் விழுந்துடுச்சு!"

ஹிகாஷி ஒசாகாவில் எந்தப் பட்டறையிலும் இந்தப் பரீட்சை உண்டு. ஓடுகிற மெஷினின் தலையில் பத்து யென் காசை விளிம்பில் நிறுத்த வேண்டும். நின்றால் மெஷின் அசையாமல் ஓடுகிறது. விழுந்தால் என்னைப் போன்ற ஆளைக் கூப்பிட வேண்டும். மெஷின்களை மட்டமாக உட்கார வைப்பது என் பிழைப்பு. என் வயிறு மட்டமாக இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"ஆர்டர் குடுக்கிற கம்பெனிக்காரர் எத்தனை மணிக்கு வர்றாரு?"

"ரெண்டு மணிக்கு. அவர் கண்ணு முன்னாடி ஒரு தகடு தீட்டிக் காட்டணும். அலை விழுந்தா ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லைன்னா மாசக் கடைசில ஷட்டரை இறக்கிடுவேன். ஒகுனோ அண்ணன் மருமகனோட தக்கோயாகி உருண்டைக் கடைல மாவு ஊத்தப் போவாரு."

பின்னாலிருந்து, அங்கே மெஷின் ஓட்டும் ஒகுனோ அண்ணனின் குரல் கேட்டது. "எனக்கு ஆக்டோபஸ் ஒத்துக்காதுன்னு சொல்லும்மா அவன்கிட்ட!"

சைக்கிள் கேரியரில் ரசமட்டத்தையும், மெஷின் காலுக்கடியில் செருகும் ஷிம் தகட்டுப் பெட்டியையும் கட்டிக்கொண்டு மிதித்தேன்.

மூன்று டன் கிரைண்டிங் மெஷின், நான்கு கால். மேசைக்கு ஒரு கால் தரையில் எட்டாவிட்டால் டீ சிந்தும். இங்கே டீ சிந்தாது; தீட்டுகிற தகட்டில், கண்ணுக்குத் தெரியாமல், அலை விழும். ரசமட்டத்தை வைத்தேன். குமிழி பின்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். மூன்று காலுக்கும் முள் சும்மா இருந்தது. சுவரோரத்து நான்காம் காலைத் தளர்த்தியதும் துள்ளியது.

"இதை மட்டம் பாத்து உக்கார வெச்சது நீங்கதானே?" என்றார் சயோகோ-சான்.

"அஞ்சு வருஷமாச்சுக்கா. தரை இறங்கியிருக்கும்."

"ரெண்டடி கனத்துல கான்கிரீட் போட்டிருக்கு."

"ஒரு நிலநடுக்கம் வந்துச்சே."

"அதுல எங்க வீட்டுக் கிளாஸ்கூட உடையலை."

"அப்ப ஒகுனோ அண்ணன் அஞ்சு வருஷமா இந்த மூலைல நின்னே..."

"டேய்," என்றார் ஒகுனோ அண்ணன். "என்னைவிட நீ இருபது கிலோ அதிகம்."

ஜாக்கியால் அந்த மூலையை ஒரு மயிரிழை தூக்கினோம். ஒகுனோ அண்ணன் தரையோடு படுத்து, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு எதையோ கிளறி இழுத்தார். மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரில் ஊறி, நசுங்கி, கஞ்சிக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு வஸ்து. அதன் மேல்பாதி மட்டும் பிளாஸ்டிக் பூச்சின் தயவால் பிழைத்திருந்தது. அந்தப் பாதியில் ஒரு ஆள் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான்தான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வருடக் கடைசி நாள், பட்டறை மூடுகிற நேரம். பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷிம் தகடு தீர்ந்துவிட்டது. புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டு சட்டைப் பையில் இருந்தது. தடிமன் சரியாக இருந்தது. 'புத்தாண்டு முடிந்ததும் வந்து தகடு மாற்றிவிடலாம்' என்று செருகினேன். எந்தப் புத்தாண்டு என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

ஒகுனோ அண்ணன் மண்டியிட்டபடியே அந்தக் கார்டை, புதிதாய்ச் சந்திப்பவரிடம் கார்டு வாங்கும் முறைப்படி இரண்டு கையாலும் ஏந்தி, எனக்குத் தலைகுனிந்து வணங்கினார்.

"முதல் தடவை சந்திக்கிறோம் நாகுரா-சான். உங்க தயவு எப்பவும் வேணும்."

சயோகோ-சான் எட்டிப் பார்த்து வாசித்தார். "'நாகுரா மட்டம் பார்க்கும் நிலையம். ஒரு மைக்ரானும் பிசகாது.' ரொம்ப நல்லா இருக்குங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகப் பேசினார். அதற்கு மேல் தண்டனை கிடையாது.

"அக்கா, தப்பு என்னுதுதான். தரையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை."

"ஒகுனோ அண்ணன்?"

"அவரும் இல்லை."

"சரி. மணி பன்னிரண்டே முக்கால். அழறதை ரெண்டு மணிக்கு மேல வெச்சுக்கோங்க."

காலடியைத் துடைத்து, இடைவெளியை அளந்தேன். பூஜ்யம் புள்ளி இரண்டு மூன்று. பெட்டியில் புள்ளி இரண்டு தகடு இருந்தது. மீதி, மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குக்குத் தகடு இல்லை. என் கண் தானாகச் சுற்றியது. ஒகுனோ அண்ணனின் சிகரெட் டப்பாவுக்குள் பளபளக்கும் தாளில் போய் நின்றது.

"கண்ணு எங்க போகுது?" என்றார் சயோகோ-சான்.

"எங்கயும் இல்லைக்கா. கவாஜிரிகிட்ட இருக்கும்!"

இரண்டு தெரு தள்ளி உலோக அச்சு செய்கிறவர் கவாஜிரி. எங்கள் பேட்டையில் ஒருவரிடம் இல்லாததைச் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றினால் இன்னொருவரிடம் வாங்கிவிடலாம். ஆனால் அவர் பட்டறை பூட்டிக் கிடந்தது. சாப்பாட்டு வேளை. சைக்கிளை உடோன் நூடுல்ஸ் கடைக்குத் திருப்பினேன். உள்ளே அவர் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

"கவாஜிரி! புள்ளி பூஜ்யம் மூணு ஷிம்! சாவி!"

வாயிலிருந்து தொங்கிய நூடுல்ஸைக் கடிக்காமலே அவர் சாவியை எறிந்தார். "மூணாவது அலமாரி! யாரு மெஷின்?"

"சயோகோ-சானோடது! ரெண்டு மணிக்குச் சோதனை!"

"அப்ப ஏண்டா நின்னு பேசறே!" என்று கடையே கத்தியது. முன்பின் பார்த்திராத ஒருவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

கவாஜிரியின் அலமாரியிலிருந்து ஷிம் தகட்டுச் சுருளைத் தங்க இழையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தேன். கத்தரியால் வெட்டினால் ஓரம் சுருளும். சுருண்ட அந்த ஓரமே இன்னொரு ஷிம்மாக வேலை செய்து கெடுக்கும். ஆகவே வெட்டிய ஓரங்களை எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் தேய்த்தேன், விரலை ஓட்டினேன், மறுபடி தேய்த்தேன். வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை. என் கல்யாணத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டையும் செருகி, ஜாக்கியை இறக்கி, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினோம். மறுபடி தளர்த்திப் பார்த்தேன். முள் அசையவில்லை. இறுக்கினேன். குமிழி நகர்ந்து நகர்ந்து, நடுக்கோடுகளுக்குள் வந்து படுத்தது.

மணி ஒன்று ஐம்பது. வாசலில் ஒருவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். கம்பெனிக்காரர் தகிமோத்தோ பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். நல்ல மனிதர்களிடம் இருக்கிற ஒரே கெட்ட குணம் இது.

"இப்பதான் ஏதோ ரிப்பேர் பண்ணின மாதிரி இருக்கே?" என்றார், தரையில் கிடந்த ஜாக்கியைப் பார்த்து.

சயோகோ-சானின் முகம் வெளுத்தது. நான் முன்னால் வந்து குனிந்தேன்.

"மெஷின்ல கோளாறு இல்லைங்க. ஒரு கால்ல நான் முன்னாடி செஞ்ச தப்பு. இவங்க இன்னைக்குக் கண்டுபிடிச்சுட்டாங்க. இப்ப சரியாயிடுச்சு. நம்ப வேண்டாம், அளந்து பாருங்க."

அவர் தலையசைத்தார். ஒகுனோ அண்ணன் மெஷினை ஓட்டினார். கல் சுழன்றது, தண்ணீர் தெறித்தது, தகடு போய்ப் போய் வந்தது. சயோகோ-சான் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது அவருக்கே தெரியாது. தகிமோத்தோ தகட்டைத் துடைத்து, தன் டயல் கேஜை அதன்மேல் மெதுவாக இழுத்தார். இந்தக் கோடி. அந்தக் கோடி. குறுக்கே.

முள் தூங்கிவிட்டதோ என்று பயந்தேன்.

"முந்நூறு தகடு," என்றார் அவர். "அடுத்த வாரமே ஆரம்பிக்க முடியுமா?"

ஒகுனோ அண்ணன் திரும்பி, காய்ந்தே இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சயோகோ-சான் ஓடுகிற மெஷினின் தலையில் காசை நிறுத்திக் கையை எடுத்தார். நின்றது. நாங்கள் மூவரும் சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினோம். தகிமோத்தோவும் கை தட்டினார். ஏன் தட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

போகுமுன் அவர் எனக்குத் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். "உண்மையைச் சொன்னீங்க. எங்க கம்பெனிலயும் ரெண்டு மெஷின் இருக்கு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கனமான, நல்ல கார்டு. விரல்கள் தாமாகவே அதன் தடிமனை மெல்ல அழுத்திப் பார்த்தன. புள்ளி இரண்டு ஐந்து இருக்கும்.

பின்னாலிருந்து சயோகோ-சான் என் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார்.